ஆரஞ்சுத் தோலும் அச்சங்குளத்து வெயிலும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் கேக் துண்டுகள் நடமாடத் தொடங்கிவிடும். கிறிஸ்துவ நண்பர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கிறிஸ்துமஸ் கழிந்தால் புத்தாண்டின் பெயரால் மற்றவர்களும் கடையிலிருந்து வாங்கிவருவார்கள். அந்தக் கேக்கில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு சதுரங்கள் பதிந்திருக்கும். அது என்ன பழம் என்று ஒருமுறை கேட்டேன். 'டூட்டி ஃப்ரூட்டி' என்றார் ஒருவர். 'செர்ரியாக இருக்கும்' என்றார் இன்னொருவர். உண்மையில் அது பப்பாளிக்காய். பழுக்காத பப்பாளியைச் சிறிதாக நறுக்கி, வேகவைத்து, பாகில் ஊறப்போட்டு, சாயமும் வாசனையும் ஏற்றி உலர்த்தி எடுப்பது. பப்பாளிக்காயின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அது அமர்ந்திருக்கும் இருக்கை ஆரஞ்சுத் தோலுக்கும் எலுமிச்சைத் தோலுக்கும் உரியது. பாகில் ஊறி உலர்ந்த அந்தத் தோல்களின் மணத்துக்காகத்தான் ஐரோப்பியர் அவற்றைக் கேக்கில் இட்டனர். இத்தாலியரின் கிறிஸ்துமஸ் ரொட்டியான பானெத்தோனெயில் இன்றும் அவை உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆசிரியர் அறை மேசையில் மதிய உணவுக்குப் பின் உரித்த கமலா ஆரஞ்சின் தோல்கள் குவிந்து கிடந்தன. மணம் அறை முழுதும் நிறைந்திருந்தது. உதவியாளர் வந்து அவற்றை வாரிக் குப்பைக் கூடையில் போட்டார். மணமுள்ளதை எறிந்துவிட்டு, மணமில்லாததற்குச் சாயம் பூசி விலை கொடுத்து வாங்குகிறோம் என்ற எண்ணம் அன்று தோன்றியது. அன்று மாலையே ஆரஞ்சு வாங்கிவந்து, தோல் மிட்டாய் செய்வதில் இறங்கினேன். அதுபற்றியும், அதைத் தொடர்ந்து அச்சங்குளத்தில் ஒரு வீட்டு மாடியில் எனக்குத் தோன்றியது பற்றியும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இது நமக்கு அந்நியமான பண்டம் என்ற எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். 'வெள்ளைக்காரன் பலகாரம் நமக்கெதற்கு?' என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். ஆங்கிலத்தின் 'ஆரஞ்சு' என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் ஸ்பானிய 'நரஞ்ஜா', அரபு 'நாரஞ்ச்', பாரசீக 'நாரங்க்', வடமொழி 'நாரங்க' என்று வழி நீள்கிறது. அதற்கும் அப்பால் திராவிட மூலம் ஒன்று இருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு அகராதிகள் கை காட்டுகின்றன. நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரகமும் அந்த மூலத்தின் உறவினர்கள். 'கேண்டி' என்பதும் இப்படித்தான். அரபு 'கந்தி', பாரசீக 'கந்த்', வடமொழி 'கண்டம்' என்று அது திரும்பி வந்து நம் கற்கண்டின் வாசலில் நிற்கிறது. ஆக, நாரத்தையும் கற்கண்டும் ஊர் சுற்றிவிட்டு ஆங்கில உடை உடுத்தித் திரும்பி வந்திருக்கின்றன. வந்தவர்களை அடையாளம் தெரியாமல் வாசலிலேயே நிறுத்திவைப்பது முறையா?

சொற்பிறப்பைக் காட்டி எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று மார்தட்டுவது என் நோக்கமன்று. தென்மாவட்டங்களில் நாம் அன்றாடம் சொல்லும் 'சீனி' என்ற சொல்லே சீனத்தை நினைவூட்டுகிறது. அந்தச் சீனத்தில் குவாங்டொங் மாநிலத்துச் சின்ஹுய் பகுதியில் ஆரஞ்சுத் தோலை வெயிலில் உலர்த்தி ஆண்டுக்கணக்கில் சேமிக்கிறார்கள். பழையதாக ஆக விலை கூடும். பழமும் சீனியும் சொல்லும் எல்லா நாடுகளுக்கும் போய்வந்தவை. இவற்றில் யாருக்கும் தனியுரிமை இல்லை. யாரும் அந்நியரும் இல்லை.

நம் பழைய நூல்களிலும் 'நரந்தம்' வருகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. வள்ளல் ஆயைப் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில் கவரிமான் மேய்வது நரந்தைப் புல். கத்தூரிக்கும் இப்பெயர் வழங்குவதுண்டு. எனவே ஓரிடத்தில் வரும் நரந்தம் நாரத்தை மலரா, மணப்புல்லா என்று அடித்துச் சொல்ல முடியாது. பொருள் எதுவாயினும் அச்சொல்லோடு மணம் பிரியாமல் ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலை (புறநானூறு 235) நினைத்துப் பாருங்கள். கிடைத்ததைப் பகிர்ந்து உண்டவன் என்பதோடு, நரந்த மணம் வீசும் கையால் புலால் மணக்கும் தன் தலையைத் தடவிக் கொடுத்தவன் என்றும் அவனைச் சொல்கிறார் ஔவை. வேந்தன் ஒருவனின் மறைவை, ஒரு கையின் மணத்தைக் கொண்டு நினைவில் வைத்திருக்கும் பாடல் அது. இப்பாடலுக்குப் பிறகு திரும்பி வருவேன்.

இனி செய்முறை. அதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

என் முதல் முயற்சி படுதோல்வி. தோலை நறுக்கினேன். கெட்டிப் பாகு காய்ச்சினேன். தோலை அதில் கொட்டி அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆறியபின் கிடைத்தது சுருங்கிப்போன கசப்புச் சுள்ளி. வெளியே சீனி, உள்ளே கசப்பு, கடித்தால் பல் வலி. இரண்டு தவறுகள் செய்திருந்தேன். கசப்பை வெளியேற்றாதது ஒன்று. சீனியை அவசரப்படுத்தியது மற்றொன்று.

தோலின் கசப்பு பெரும்பாலும் உள்ளிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. மணமோ வெளிப்புற நிறத்தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. எனவே ஆறு ஆரஞ்சுகளின் தோலை வெந்நீரில் நன்கு தேய்த்துக் கழுவி (கடைப் பழங்களில் மெழுகு பூசியிருப்பார்கள்), விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. நாரத்தைத் தோலானால் முதல்நாள் இரவே உப்பு நீரில் ஊறவைத்து, நான்கைந்து முறை கொதிக்கவைக்க வேண்டியிருக்கும். கடைசி நீரிலிருந்து எடுக்கும்போது கீற்றை நகத்தால் எளிதில் கிள்ள முடிய வேண்டும். பாகில் விழுந்தபின் தோல் இதற்கு மேல் வேகாது. இங்கே விட்ட குறையைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

வடித்த தோலை எடை போட்டு, அதே எடைக்குச் சீனி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிச் சீனியை மட்டும், தோல் மூழ்கும் அளவு நீர் விட்டுக் கரைத்துக் கொதிக்கவையுங்கள். தோலைப் போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் வைத்து இறக்கி, மூடி, மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் தோலை அரித்தெடுத்துவிட்டு, மீதிச் சீனியில் பாதியைப் பாகில் சேர்த்துக் கொதிக்கவைத்து, தோலை மீண்டும் போட்டு மூடிவிடுங்கள். மூன்றாம் நாள் எஞ்சிய சீனியை அவ்வாறே சேருங்கள். நான்காம் நாள் எல்லாவற்றையும் சிறுதீயில் வைத்து, பாகு தேன்போல் ஆகி, தோல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் முற்றவிடக் கூடாது. வடிதட்டில் பரப்பிப் பாகு சொட்டி முடிந்ததும், மெல்லிய துணியால் மூடி இரண்டு நாள் வெயில். பிறகு சீனியில் புரட்டிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. எஞ்சிய பாகைக் கொட்டிவிடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு சர்பத்தாகவும், சுக்குக் காப்பியில் ஒரு கரண்டியாகவும் அது நன்றாகவே பயன்படும்.

ஏன் நான்கு நாள்? கெட்டிப் பாகு தோலில் உள்ள நீரைச் சட்டென்று வெளியே இழுத்துவிடும். நீர் போன வேகத்தில் சீனி உள்ளே புக முடியாது. தோல் சுருங்கி இறுகிவிடும். பாகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கெட்டியானால், நீர் வெளியேறும் இடத்தில் சீனி வந்து அமரும். தோலுக்குள் சீனி போதிய அளவு நிறைந்துவிட்டால் பூஞ்சையும் நொதியும் பிழைக்க அங்கே தண்ணீர் கிடைக்காது. கெடாமலிருப்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தை நான் புத்தகங்களிலிருந்து கற்றேன். ஆனால் எனக்கு முன்பே இது தெரிந்த ஒருவரை அச்சங்குளத்தில் சந்தித்தேன்.

அச்சங்குளம் விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால், அது ஒரே காரணத்தால்தான் தெரிந்திருக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று அங்கிருந்த பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் குறைந்தது 19 பேர் உயிரிழந்தனர். ஓர் ஊருக்கு நூற்றுக்கணக்கான ஆண்டு வாழ்வு இருக்கும். ஆனால் உலகம் அதை ஒரு பிற்பகலைக் கொண்டு மட்டும் அறிந்துவைத்திருக்கும்.

என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு, அவளுடைய திருமணம் முடிந்த சில வாரங்களில் போயிருந்தேன். தீபாவளி முடிந்து ஆலைகள் விடுமுறையில் இருந்த நேரம். கார்த்திகை மழை விட்டு வெயில் வரத் தொடங்கியிருந்தது. மாடியில் ஒரு பழைய சேலையின் மேல் நாரத்தங்காய்கள் காய்ந்துகொண்டிருந்தன. காயைத் துண்டாக்காமல் சுருள் சுருளாக அரிந்து, இடையில் உப்பை அடைத்து, ஜாடியில் சில நாள் ஊறவைத்து எடுத்தவை. அவளுடைய தாயார் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே உப்புச்சாற்றில், சாறு முழுதும் காய்க்குள் இறங்கும்வரை இப்படியே என்று விளக்கினார். நான் என் தோல் மிட்டாய்க் கதையைச் சொன்னேன். நான்கு நாள் பாகைப் பற்றி நான் விரிவுரை நடத்தி முடித்ததும் அவர் கேட்டார்: "உப்புக்குப் பதிலு சீனி. அம்புட்டுத்தான, சார்?"

அம்புட்டுத்தான். நான் பல நாள் படித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டார். உப்பு நாரத்தையும் சீனித் தோலும் ஒரே இலக்கணத்தில் அமைந்த இரண்டு வாக்கியங்கள். ஊறவைத்தல், மெல்ல ஏற்றுதல், உலர்த்துதல் என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது. உப்பு செய்வதைத்தான் சீனியும் செய்கிறது. பதப்படுத்திய காய் விருந்தின் சிறப்பாக இருந்ததற்குப் பெரும்பாணாற்றுப்படையே சான்று. அந்தணர் மனையில் பாணனுக்குக் கிடைக்கும் உணவில் மாவடு ஊறுகாயை மறவாமல் சேர்க்கிறார் உருத்திரங்கண்ணனார். ஆகவே தோல் மிட்டாய் செய்ய நாம் புதிதாக ஒரு கலையைக் கற்க வேண்டியதில்லை. நம் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருப்பதை ஒரு படி திருப்பிவிட்டால் போதும்.

அந்த மாடியில் நிற்கும்போது இன்னொன்றும் தோன்றியது. இந்த வட்டாரம் உலர்த்துவதையே தொழிலாகக் கொண்டது. மழை குறைந்த கரிசல் பூமி. வேளாண்மைக்குப் பகையாக இருந்த அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. 1920களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய வரலாறு பலரும் அறிந்தது. அன்று தொட்டு இங்கே குச்சி காய்கிறது, குழாய் காய்கிறது, மருந்து காய்கிறது. (வெடிமருந்து என்று முழுதாகச் சொல்லும் வழக்கம் இங்கில்லை. நோய்க்குக் குடிப்பதும் மருந்து, குழாயில் அடைப்பதும் மருந்து.) நாரத்தங்காய் காய்ந்ததும் அதே வெயிலில்தான்.

சிறுவயதில் நாமெல்லாரும் ஆரஞ்சுத் தோலை மெழுகுவர்த்திச் சுடரருகே பிதுக்கி விளையாடியிருப்போம். தோலின் எண்ணெய் தெறித்துச் சடசடவென்று பொறி பறக்கும். காசில்லாத பிள்ளைகளின் மத்தாப்பு அது. அந்த விளையாட்டை நான் சொன்னபோது மாணவியின் தாயார் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த ஊரில் பொறி என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தோல் மிட்டாயை வீட்டில் செய்யுங்கள் என்று எழுதுவது எளிது. யார் செய்வது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. 'கைப்பக்குவம்', 'அம்மாவின் ருசி' என்றெல்லாம் நம் இதழ்களில் உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற ஆண்கள். உருக்கத்தின் சுமை விழுவது பெண்களின் தோளில். காலையில் ஆலை வண்டியேறி மாலையில் திரும்பும் பெண்ணிடம், கடைப் பலகாரத்தை விட்டுவிட்டு வீட்டில் செய்யக்கூடாதா என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அவர் கடையில் வாங்குவது சோம்பலால் அன்று. சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன, நேரம்தான் எட்டவில்லை.

அப்படியிருந்தும் இதைப் பரிந்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இந்தப் பண்டம் நேரத்தை ஒரே மூச்சில் கேட்பதில்லை. முதல்நாள் ஒரு மணிநேரம் போனால், பிறகு நாளுக்குக் கால்மணி நேரம். மீதி வேலையைப் பாகும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். முறுக்கு சுற்றவோ அதிரசப் பாகு பதம் பார்க்கவோ வேண்டிய தேர்ச்சி இதற்குத் தேவையில்லை. தோலை நறுக்கவும் நீரை மாற்றவும் ஆண்களாலும் முடியும்; நானே சாட்சி. வீட்டில் செய்வது என்றால் வீட்டிலுள்ளோர் எல்லாரும் செய்வது என்று பொருள் கொள்ள வேண்டும். அப்படிப் பொருள் கொள்ளாத வீட்டில் கடைக் கேக்கே அறம்.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமானது. இந்த வட்டாரத்தின் உழைப்பு முழுவதும் பிறருடைய பண்டிகைக்காக நடக்கிறது. டெல்லியில் வெடித்த சரமும் கல்கத்தாவில் பூத்த பூச்சட்டியும் இந்தக் கைகள் பின்னியவை, அடைத்தவை. ஆண்டின் பெரும்பகுதி அடுத்தவர் வீட்டு விழாவுக்கு உழைத்து முடித்த கை, தன் வீட்டு விழா வரும்போது களைத்துப்போய்க் கடைப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. தீபாவளிக்குப் பின் ஆலைகள் ஓய்ந்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நாகபுரி ஆரஞ்சு வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. மழை ஓய்ந்து மார்கழி வெயிலும் வருகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விழாக்கள் வரிசையில் நிற்கின்றன. இந்த ஒரு பருவத்திலாவது அந்தக் கைகள் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அதை உடனே சுயஉதவிக் குழு, பொட்டலம், விற்பனை என்று கொண்டுபோய்விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வேன். விற்பது தவறில்லை. ஆனால் இந்த ஊர் செய்து விற்றது ஏற்கெனவே ஏராளம். முதல் குப்பி அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

இதனால் ஆலைகளில் விபத்து நின்றுவிடாது, கூலி உயர்ந்துவிடாது. அவற்றுக்கு உரிய வழிகள் வேறு. அவற்றைக் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது. சீனி மிகுந்த பண்டம் இது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. விழா நாளில் இரண்டு கீற்று போதும். நீரிழிவு உள்ளவர்கள் மணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாணவியின் தாயார் அந்த மார்கழியில் செய்து பார்த்தார். ஆரஞ்சோடு நாரத்தைத் தோலும் சேர்த்திருந்தார். நான் ஆறு பழத்துக்குச் சொன்ன கணக்கை அவர் இருபதுக்குப் பெருக்கியிருந்தார். மருமகனும் உட்கார்ந்து தோல் நறுக்கினாராம். கீற்றுகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாததிலிருந்தே அது தெரிந்தது. எனக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் குப்பியில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். நாரத்தைக் கீற்றில் கசப்பு இலேசாகத் தங்கியிருந்தது. அதுவே நன்றாகவும் இருந்தது.

குப்பியைக் கொண்டுவந்த மாணவி சொன்னாள்: "நாலு நாளும் அம்மா கையில ஆரஞ்சு வாசனைதான், சார். தலை பின்னி விடும்போதுகூட."

ஔவையின் பாடலை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். நரந்தம் என்பதற்குப் பூ, புல், கத்தூரி என்று எல்லாப் பொருளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தலையைத் தடவிய ஒரு கை இல்லாமற்போவதைப் பற்றிய பாடல் அது என்பதை அவ்வளவு அழுத்திச் சொன்னதில்லை. அச்சங்குளத்தில் அப்படிக் கை இழந்த வீடுகள் இருக்கின்றன. எஞ்சிய கைகள் மருந்தின் நெடியோடு ஆலையிலிருந்து திரும்புகின்றன. ஆண்டில் நான்கு நாளாவது அவற்றில் வேறொரு மணம் இருக்கட்டும்.